நூறு கிராம்

இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்த கார்பன் ஃப்ரேமில், பார்த்துப் பார்த்துச் சல்லிசாகச் சேர்த்த சக்கரங்களையும் கியரையும் பூட்டி முடித்து, பெலிக்ஸ் அந்த ரேஸ் சைக்கிளைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டான். எட்டு கிலோ நூறு கிராம். எட்டே கிலோ என்று நண்பர்களிடம் பீற்றியிருந்தான். அந்த நூறு கண்ணை உறுத்தியது. கழற்ற இனி ஒரு போல்ட்கூட மிச்சமில்லை. மேல் குழாயில் கறுப்புப் பெயின்ட் மட்டும் தார் போட்டதுபோல் தடிப்பாக இருந்தது. தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான்.

கறுப்புக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர் வந்தது. இளவழகன், ஓ பாசிட்டிவ், ஒரு கைபேசி எண். இவனும் தன் பழைய சைக்கிளில் அப்படி ஒன்று ஒட்டியிருக்கிறான், ரோட்டில் விழுந்து கிடந்தால் தூக்குகிறவர்கள் வீட்டுக்குச் சொல்வதற்காக.

பழையதைப் புதிது என்று தலையில் கட்டிவிட்டார்களே என்ற ஆத்திரத்தில், ஈரக் கையோடு அந்த எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

"இளவழகன் சார் வீடுங்களா? அவரு சைக்கிள் என்கிட்ட இருக்குதுங்க."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"விடியக்காலைல சைக்கிள எடுத்துட்டுப் போனவருங்க. நாலு வருசமாச்சு." மூச்சு வாங்கினாள். "அடி பலமா இல்லீங்களே? ஃபோன அவருகிட்டக் குடுங்க."

பெலிக்ஸ் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தான். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, கொக்கியில் தொங்கிய சைக்கிளை நோக்கி அதை நீட்டினான்.