அவள் நம்பிவிட்ட மத்தியானம்

என் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், கட்டிலோரம் இருந்த வடிகட்டிக்குள் புகுந்து, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

என் வாழ்நாளில் நான்கூட இவ்வளவு ஒழுங்காக வீடு திரும்பியதில்லை.

வடிகட்டிக்குள் ஏதோ பூச்செடியின் கிழங்கிலிருந்து எடுத்த சத்தைப் பூசியிருக்கிறார்களாம். என் ரத்தத்தில் புகுந்த கிருமியின் மேல்தோலில் சர்க்கரை உண்டாம். அதை அந்தச் சத்து கப்பென்று பிடித்துக்கொள்ளுமாம். காலையில் டாக்டர் என்னிடம் சொன்னார்.

பலிக்குமா என்றேன். பார்ப்போம் என்றார், என்னைப் பார்க்காமல்.

அதற்குக்கூட நான் பயப்படவில்லை. என் மனைவிதான் பயமுறுத்தினாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. மழை பெய்கிறது என்றால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள்.

மத்தியானம் அவளிடம், சின்ன வயதில் என்னைக் கடித்த பாம்பு மயங்கி விழுந்துவிட்டது, நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்றேன்.

பாவம் என்று தலையாட்டினாள்.

இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பாம்பு ரொம்ப நாள் ஆபீஸ் வாசலில் நின்று என்னை நலம் விசாரித்தது என்றேன்.

நல்ல மனசு என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

சரி, நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். போகப்போகிறவனுக்குத்தான் இவ்வளவு மரியாதை கிடைக்கும்.

அப்போது டாக்டர் அவளைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூப்பிட்டு, ஒரு தாளைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்கியது.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் சிவந்திருந்தது.

எனக்குப் பொய் எதுவும் வாயில் வரவில்லை. கடைசியாக ஒரு உண்மையாவது சொல்லிவைப்போம் என்று, பூச்செடிக் கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் டாக்டர் சொன்னபடியே, கண் காது மூக்கு வைக்காமல் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பூச்செடி கிருமியப் புடிக்குதாம்! வாய் கூசாம புளுகுறீங்களே, யார் காதுல பூ சுத்துறீங்க? பேசாம படுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, நல்ல செய்தி என்று டாக்டர் அந்தத் தாளோடு உள்ளே வந்தார்.

பழைய செய்தி என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.