அந்தக் கடைக்காரர் யாருங்க?

"இதை எந்தப் புத்தகத்துல இருந்து எடுத்தீங்க ஹுமேரா? ஆதாரம் எங்கீங்க?"

மதிவதனி கேட்டதும், துறைத் தலைவர் சென்னகேசவன் வாய்க்குக் கொண்டுபோன டீயை மேசையில் வைத்துவிட்டார்.

எப்போதும் 'வா கண்ணு, போ கண்ணு' என்று பேசுகிறவள், தன்னைவிடச் சின்னவளிடம் இத்தனை 'ங்க' போட்டால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

மூன்றாம் வருட மாணவர்களுக்கு இந்த ஆண்டு புதிதாக ஒரு பாடம் வந்திருந்தது. 'தொழில்நுட்பமும் அறமும்'. வகுப்பில் எதைப் பற்றி விவாதிக்கலாம், அதற்கு எதைப் படிக்கக் கொடுக்கலாம் என்று இந்த இரண்டு ஆசிரியைகளையும் எழுதிவரச் சொல்லியிருந்தார் சென்னகேசவன். யாருடையது நன்றாக இருக்கிறதோ, அவருக்குத்தான் பாடம்.

மதிவதனிக்கு அந்தப் பாடம் வேண்டும். காலையில் விளக்கேற்றும்போதுகூட, "மருதமலையானே, இதை மட்டும் அவளுக்குக் குடுத்துப்போடாதே" என்றுதான் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகு மனசு கொஞ்சம் கூசியது. ஆனாலும் வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

பின்னே என்ன? இத்தனை வருஷமாக இந்தக் கல்லூரியில் மாடாக உழைக்கிறாள். நேற்று வந்த ஹுமேராவின் வகுப்பில்தான் கைதட்டல் கேட்கிறது. பிள்ளைகள் வராந்தாவில் அவள் பின்னாலேயே போகிறார்கள். சென்னகேசவன்கூட இவளை 'மேடம்' என்பார், அவளை 'அம்மணி' என்பார். மத்தியானம் சாப்பிட்ட சோறு நெஞ்சிலேயே நிற்பதற்கு அந்த ஒரு 'அம்மணி' போதாதா?

மதிவதனி வெளிநாட்டுக் கட்டுரைகளாகத் தேடித் தேடிச் சேர்த்திருந்தாள். அவளுடைய முதல் தலைப்பு: 'ஓட்டுநர் இல்லாத கார், விபத்து நேரத்தில் யாரைக் காப்பாற்ற வேண்டும்?'

சென்னகேசவன் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். ஆனா நம்ம காந்திபுரத்துல டிரைவர் இருக்கற வண்டிகிட்ட இருந்தே தப்பிச்சு வர முடியறதில்லீங்களே!"

ஹுமேரா எழுதியிருந்தது ஒரே பக்கம். அதுவும் தமிழில்.

பவானியில் ஆற்றங்கரையோரம் ஒரு கடைக்காரர். அணையைத் திறந்துவிட்டார்கள், வெள்ளம் வருகிறது என்று அவருடைய செல்போனுக்குச் சேதி வருகிறது. தன் கடைச் சரக்கை மட்டும் மேலே ஏற்றி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் பக்கத்துக் கடையில் இடுப்பளவு தண்ணீர்.

கீழே ஒரே ஒரு கேள்வி: 'சேதி யாருடைய போனுக்கு வருகிறதோ, அது அவருக்கு மட்டும்தான் சொந்தமா?'

"அடடா, அம்மணி! இதை வெச்சா பசங்க அடிச்சுக்குவாங்க. மணி அடிச்சாலும் எந்திரிச்சுப் போக மாட்டாங்க" என்றார் சென்னகேசவன்.

அந்த 'அடடா'வைத்தான் மதிவதனியால் தாங்க முடியவில்லை. அதனால்தான் ஆதாரம் கேட்டாள்.

ஹுமேரா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புத்தகத்துல இல்லீங்க அக்கா. நெசமா நடந்ததுங்க."

"அப்படீங்களா? யாருங்க அந்தக் கடைக்காரர்? பேரு என்னங்க?"

"அது... சொல்ல முடியாதுங்க அக்கா."

"ஏனுங்க சார், பார்த்தீங்களா? நாளைக்கு ஒரு பையன் எந்திரிச்சு இதையே கேட்டா என்ன சொல்றது? அறம் சொல்லிக் குடுக்கற வகுப்புல கட்டுக்கதை சொல்றதாங்க?"

"கட்டுக்கதை இல்லீங்க அக்கா."

"அப்பப் பேரைச் சொல்லுங்க. அந்த மாதிரி ஆளு யாருன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் என்ன? மூடி மறைக்கறதுக்கு அவரு என்ன உங்களுக்குச் சொந்தமா?"

ஹுமேரா ஒரு தரம் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

சென்னகேசவன் சமாதானத்தில் இறங்கினார். "மேடம் கேக்கறதும் நியாயந்தான் அம்மணி. மேலிடத்துல கேட்டா நான் பதில் சொல்லோணுமல்ல? எங்கிட்டத் தனியாச் சொல்லிப்போடு. பாடம் உனக்குத்தான்."

"வேண்டாமுங்க சார். அக்காவே எடுக்கட்டுங்க."

ஹுமேரா தன் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மருதமலையான் கைவிடவில்லை. ஆனால் வராந்தாவுக்கு வந்த பிறகும் மதிவதனிக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. கையில் கிடைத்த பாடத்தையே ஹுமேரா விட்டுக்கொடுக்கிறாள் என்றால், அந்த ஆள் அவளுக்கு எவ்வளவு வேண்டியவராக இருக்க வேண்டும்? அதிலும் ஒரு பொறாமை எட்டிப் பார்த்தது.

மாடிப்படி ஓரத்தில் ஹுமேராவைப் பிடித்துவிட்டாள்.

"ஏங் கண்ணு, தெரியாமத்தான் கேக்கறேன். அப்பேர்ப்பட்ட சுயநலக்காரரைக் காப்பாத்தி உனக்கு என்ன ஆகப்போகுது?"

ஹுமேரா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. பவானி, கடை, வெள்ளம் எல்லாம் நான் மாத்திப்போட்டதுங்க. நெசத்துல வந்தது யானைங்க."

"யானையா?"

"தொண்டாமுத்தூர்ல உங்க தோட்டத்துப் பக்கம் யானை வருதுன்னு போன வருசம் உங்க போனுக்கு வாட்ஸ்அப்ல வனத்துறைச் சேதி வந்துச்சுங்களே... லைட்டைப் போட்டு, பட்டாசு வெடிச்சு, நம்ம வாழையைக் காப்பாத்திப்போட்டோம், பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் வாழைதான் மொத்தமாப் போச்சுன்னு சாப்பிடறப்பச் சொன்னீங்க. அவருகிட்ட இருக்கறது பட்டன் போனு, அவருக்கு எங்க சேதி வரப்போகுதுன்னு சிரிக்கக்கூடச் சிரிச்சீங்க..."

இந்தத் தடவை சுற்றிலும் பார்த்தவள் மதிவதனி.

"உங்க பேரை எப்படிங்க அக்கா சார் முன்னால நான் சொல்றது?"