மாத்திரை ஓடிய ஓட்டம்

"ஓடினா மட்டும் ரெக்கார்டு ஆயிடாது சார். இன்னிக்கே சிறுநீர் கொடுக்கணும். அதுல ஊக்க மருந்து இல்லைன்னு ஆனாத்தான் ரெக்கார்டு!"

பரிசோதனை அதிகாரி அம்மாள் இதைச் சொன்னதும் பயிற்சியாளரின் வாயிலிருந்த விசில் நழுவிக் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. தூங்கும்போதுகூட அதைக் கழற்றாதவர் என்பதால் மைதானத்தில் அவருக்கு 'விசில்' என்றே பெயர்.

"இது சின்னப் போட்டிதானே மேடம்? இங்கெல்லாம் டெஸ்ட் எடுக்க மாட்டீங்களே?"

"சும்மா ஜெயிச்சா எடுக்க மாட்டோம். தேசிய ரெக்கார்டை உடைச்சா எந்தப் போட்டியா இருந்தாலும் எடுத்தே ஆகணும். கோச் நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மற்ற பயிற்சியாளர்களிடம் பழகி ஓடுகிறவர்களில் யார் யார் மருந்தில் மாட்டினார்கள் என்று டீக்கடையில் மணிக்கணக்கில் பேசத் தெரியும். இந்த ஒரு விதி மட்டும் தெரியாது. டெஸ்ட் இல்லாத போட்டியாகப் பார்த்துப் பார்த்துத்தான் தன் அக்கா மகளை ஓட விட்டார். அவள் ஜெயித்தால் போதும், தனக்குப் பேர் வரும் என்று கணக்குப் போட்டார். அவளோ நானூறு மீட்டரில் தேசிய ரெக்கார்டையே உடைத்துத் தொலைத்துவிட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முகமெல்லாம் பல்.

"மாமா, ரெக்கார்டு வந்துட்டா விளையாட்டுக் கோட்டாவுல எனக்கு வேலை நிச்சயம்தானே? அம்மா இனிமே அந்தத் தையல் மெஷினை மிதிக்க வேண்டாம்ல?"

"வாயை மூடிட்டு உக்காரு!"

அதிகாரி அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "சமீபத்துல ஏதாவது மருந்து, மாத்திரை சாப்பிட்டியாம்மா?"

அவள் ஓரக்கண்ணால் மாமாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணுமே சாப்பிடலைங்க."

அட, கழுதை! என்னமாய்ப் புளுகுகிறாள் என்று விசில் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். 'சத்து மாத்திரை' என்று சொல்லி, தினமும் காலையில் அவர்தான் அவள் கையில் கொடுத்துவந்தார். அவளும் ஒரு கேள்வி கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போய்விடுவாள். அத்தனை அடக்கம். ஆனால் வாய் பொய் சொல்லும், சிறுநீர் சொல்லுமா?

"உள்ளே எல்லாத்தையும் எடுத்து வைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடணும். வரலைன்னா ரெக்கார்டு கிடையாது," என்று சொல்லிவிட்டு அதிகாரி அம்மாள் அறைக்குள் போனார். சின்னப் போட்டி என்பதால் அவருக்குத் துணைக்கு ஆள்கூட இல்லை.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. பெண் மாட்டினால் மாத்திரை கொடுத்த கையையும் தேடிக்கொண்டு வருவார்கள். அவள் வேலை எக்கேடு கெட்டால் என்ன, தன் தலை தப்ப வேண்டும். விசில் போனை எடுத்துக் காதில் வைத்தார். எதிர்முனையில் யாரும் இல்லை.

"ஐயோ! எப்போ? மூச்சு இருக்கா? எந்த ஆஸ்பத்திரி?"

பெண் பதறி எழுந்தாள். "யாருக்கு மாமா?"

"உங்கம்மா மயங்கி விழுந்துட்டாளாம். கிளம்பு, கிளம்பு!"

சொந்த அக்காவைப் படுக்கையில் போட அந்த மனிதருக்கு நாக்குக் கூசவில்லை. பெண் செருப்பைக்கூட மாட்டாமல், ரெக்கார்டு ஓட்டத்தைவிட வேகமாக வண்டிக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரி வரவே இல்லை. விசில் வண்டியைப் புறவழிச் சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள். கடைசியில் போன் அடித்தது.

"எங்கே சார் போனீங்க? நேரம் முடிஞ்சிடுச்சு. இந்த ரெக்கார்டு செல்லாதுன்னு சொல்லிட்டேன்."

"உயிர் போற அவசரம் மேடம்," என்று குரலைத் தழுதழுக்க வைத்தார் விசில். "ரெக்கார்டு என்ன பெரிய ரெக்கார்டு? மனுஷ உயிர்தானே முக்கியம்!"

போனை அணைத்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஏதோ மலையைப் புரட்டிவிட்டவர் போலச் சிரித்தார்.

"கண்ணைத் துடை. உங்கம்மாவுக்கு ஒரு கேடும் இல்ல. வீட்டுல உக்காந்து தைச்சுட்டிருப்பா."

"என்ன மாமா சொல்றீங்க? அப்புறம் எதுக்கு என்னை...?"

"எதுக்கா? உன்னைக் காப்பாத்தத்தான்! நான் கொடுத்தது சத்து மாத்திரைன்னா நினைச்சே? ஊக்க மருந்துடி! டெஸ்ட் பண்ணியிருந்தா குட்டு உடைஞ்சு ஊரே காறித் துப்பியிருக்கும். பின்ன, உன் காலுக்கு இந்த வேகம் எங்கேருந்து வரும்? ஓடினது நீ இல்ல, மாத்திரை!"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெரியாமல் காலில் மிதித்துவிட்ட அசிங்கத்தைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"எனக்குச் சின்ன வயசுலேருந்தே மாத்திரை முழுங்க வராது மாமா, தொண்டையிலேயே நின்னுடும். நீங்க திட்டுவீங்கன்னு பயந்து, தினமும் வாயில போட்டுக்கிட்டு உள்ளே போய், ஒண்ணு விடாம துப்பிட்டுத்தான் ஓட வந்தேன்."