புல்லாங்குழல் முடிந்ததும்

“ரெண்டாவது மியூசிக்ல, புல்லாங்குழல் முடிஞ்ச ஒடனே ஒரு பொம்பளக் குரல் வருது. யாருமே கவனிக்கல லா. நம்ம டேப்புலயே போட்டுக் கேளுங்க, வேற டேப்பு வேணாம். கேட்டுச்சா? என்ன நெனைக்கிறீங்க, சொல்லுங்க!”

கேசட்டில் மங்களம் அக்காவின் பேச்சு அத்துடன் முடிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாட்டில் பெண் குரலே கிடையாது.

நாங்கள் நாலு பேர், நாலு ஊர். ஆயர் தாவாரில் மங்களம் அக்கா, கமுந்திங்கில் மாயாண்டி அண்ணன், ஹுத்தான் மெலிந்தாங்கில் சதாசிவம், ஈப்போவில் சீனி என்கிற நான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒரே ஒரு கேசட், இரண்டு வருடமாகத் தபாலில் எங்களைச் சுற்றி வருகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் அக்கா முதலில் ஒரு பாட்டைப் பதிவார். அதற்குப் பின்னால் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுவோம். மற்றவர் காதில் விழாத ஒன்றை அந்தப் பாட்டிலிருந்து கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் சட்டம்.

பாட்டு எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கும். அதனால் கேசட்டில் உள்ள பாட்டை யாரும் கேட்பதில்லை. வேகமாக ஓட்டித் தள்ளிவிட்டு நேராகப் பேச்சுக்குப் போய்விடுவோம்.

இந்த முறை அக்கா ஒரு செய்தியும் சொல்லியிருந்தார். அவருக்குக் கல்யாணம். அவருடைய சொந்த அண்ணன் பார்த்த இடமாம். வீட்டோடு சின்னதாகச் செய்கிறார்களாம். இனி டேப்பு, பாட்டு எல்லாம் கிடையாதாம். எப்போது என்று சொல்லவில்லை.

அவர் பேசும்போது பக்கத்தில் யாரோ ஓர் ஆள் இருமினார்.

அடுத்து மாயாண்டி அண்ணன். “கல்யாண நெனப்புல அக்காவுக்கு காது அடைச்சிருச்சு! நா நூறு தடவ கேட்டுட்டேன். பொம்பளக் குரலாவது, மண்ணாவது!”

அதற்கடுத்து சதாசிவம். “அது வரப்போற மாமியாக் குரலா இருக்கும்க்கா!”

நானும் என் சொந்தக் கேசட்டை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். புல்லாங்குழல் முடிந்ததும் வயலின்தான் வருகிறது. வேறு எதுவும் இல்லை.

அக்கா இதுவரை தப்புச் சொன்னதே இல்லை. தபலாக்காரர் விரலில் மோதிரம் போட்டிருக்கிறார் என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தவர். இப்போது வசமாக மாட்டிக்கொண்டார். நல்ல கிண்டலாக ஒன்றை யோசித்து வைத்துக்கொண்டு, பதிவு செய்ய இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தப் போனேன்.

நம்ம டேப்புலயே கேட்கச் சொல்லியிருந்தாரே. கேட்காமல் பேசினால் விடமாட்டார்.

பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

பல்லவி. முதல் மியூசிக். சரணம். இரண்டாவது மியூசிக்.

புல்லாங்குழல் முடிந்தது.

டக் என்று பாட்டு அறுந்தது.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். ரூம்புல பூட்டி வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள யாராச்சும் வாங்க.”

டக்.

வயலின் பாதியிலிருந்து மறுபடி ஓடியது.

ரகசியக் குரல். ஆனால் அதே குரல்தான்.

போன வருடம் என் கை பட்டுப் பாட்டில் ஒரு துளி அழிந்துபோனதற்கு, ஒரு சுற்று முழுக்கக் கோபத்தில் என் பெயரையே சொல்லாதவர் அக்கா. அவரே ஒரு பாட்டை அறுத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து இருமிய ஆள், பேச்சைக் கேட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார், பாட்டைக் கேட்கமாட்டார் என்று தெரிந்திருக்கிறார்.

நம்ம டேப்புலயே கேட்கச் சொல்லியும் நாங்களும் கேட்கவில்லை.

கேசட் உறையிலிருந்து அட்டையை உருவினேன். யார் எப்போது அனுப்பினோம் என்று அதில் எழுதுவது வழக்கம்.

மங்களம், 5.3.84, திங்கள். மாயாண்டி அண்ணன் இரண்டு நாள் வைத்திருந்தார். சதாசிவம் நாலு நாள். மீதி நாளெல்லாம் தபாலில் போயிருக்கிறது.

இன்று பதினைந்து, வியாழன்.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டது. நாளைக்கு இன்னொன்று.

எந்த வெள்ளி?

என் பெயருக்குக் கீழே, அடுத்து யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவர் பெயர் இருந்தது. மங்களம். இதில் நான் எதைப் பேசினாலும் அந்த வீட்டில்தான் போய் ஒலிக்கும். இருமிய ஆள்தான் முதலில் கேட்பார்.

சட்டையை மாட்டினேன்.

ஆயர் தாவாருக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு. இப்போது மணி ஐந்தே முக்கால். என்னிடம் இருப்பது தபால் உறையில் உள்ள ஒரு முகவரி மட்டும். போய்க் கதவைத் தட்டி யாரென்று சொல்வது? அக்கா எதிரே வந்து நின்றாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அவர் வாயைத் திறந்தால்தான் தெரியும்.

வாயைத் திறக்க விடுவார்களா?

போன வெள்ளிக்கிழமையே கல்யாணம் முடிந்திருந்தால், அந்த வீட்டில் அவர் இருப்பாரா?

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். டேப்பை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்து, கல்யாணச் செய்தி முடிந்து, அந்த இருமலும் வந்து போனது.

பிறகு அக்கா, எப்போதும் போல, சிரித்த குரலில் கேட்டார்.

“கேட்டுச்சா? என்ன நெனைக்கிறீங்க, சொல்லுங்க!”