கையெழுத்துப் போடாதவள்

"கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா பாருங்க. ஒரு கையெழுத்துப் போட்டா கை தேய்ஞ்சா போயிடும்?"

உமாமகேஸ்வரி இதைக் கணவர் சுந்தரேசனின் காதில்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய ரகசியம் நாலு வரிசை தள்ளிக் கேட்கும். நீதிமன்றத்தின் பிணைப் பிரிவில், எதிர் பெஞ்சில் இருந்த பஞ்சவர்ணத்துக்கும் நன்றாகவே கேட்டது. அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

காலையில் வக்கீல் வெங்கட் போன் செய்தபோது, உமா தேக்கா சந்தையில் முறுக்கு அச்சுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சின்னத்தம்பிக்கு ஒருவழியா பெயில் கிடைச்சிடுச்சு. யாராவது ஒரு சிங்கப்பூரர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். அவர் மனைவி மலேசியக்காரங்க, அவங்களால முடியாது. சொந்தக்காரங்க யாரும் போனே எடுக்கலை. நாலரைக்குள்ள ஆள் வரலைன்னா திரும்பவும் சாங்கி ஜெயிலுக்குக் கொண்டு போயிடுவாங்க. இன்னைக்கு வெள்ளி. திங்கள் தீபாவளி லீவு. அப்புறம் செவ்வாய்தான்."

துவாஸில் ஒரு கம்பெனியின் ஸ்டோரிலிருந்து செம்புக் கேபிள் லாரி லாரியாகக் காணாமல் போன வழக்கு. ஸ்டோர்கீப்பர் சின்னத்தம்பி தலையில் விடிந்தது. மனைவி வீடு மலேசியாவின் ஜோகூரில், எல்லைப் பாலத்தைத் தாண்டி ஓடிவிடுவான் என்று இதுவரை பிணை மறுத்திருந்தார்கள். பதினோரு மாதமாக உள்ளே இருக்கிறான். விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.

உமாவுக்கு அவன் ஸ்டோர்கீப்பர் இல்லை. செம்பவாங்கில் கப்பல் பட்டறைக் குவார்ட்டர்ஸில் மூன்று பேர் வீடும் ஒரே வரிசை. பட்டறைச் சங்கு ஊதினால்தான் அந்த வரிசைக்கே பொழுது விடியும். உமாவும் பஞ்சவர்ணமும் படித்த கான்வென்ட்டுக்குப் போகும் பஸ் வரும்போது, பஞ்சவர்ணம் அப்போதுதான் இரண்டாவது ஜடையில் கை வைத்திருப்பாள். சின்னத்தம்பி ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸை நகர விடமாட்டான். டிரைவர் ஹொக்கியன் சீனத்தில் திட்டத் திட்ட, இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

அந்த வரிசை இருந்த இடத்தில் இப்போது கோண்டோ அடுக்குமாடி நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் உமா இன்றைக்கும் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். சங்குச் சத்தம் காதுக்குள் கேட்கும்.

அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து எதிர் பெஞ்சுக்கே போய்விட்டாள்.

"ஏண்டி பஞ்சு, நீ ஏன் போடலை?"

"என்னால முடியாது உமா."

"முடியாதா, மனசில்லையா?"

"எப்படி வேணா வச்சுக்கோ."

"பதினாறு வருஷமா அதே கம்பெனியில கேட் ரெஜிஸ்டர் பார்க்குறே. அந்த வேலையே அவன் சொல்லிக் கிடைச்சது. இப்போ முதலாளி முறைப்பார்னு பயமா? உனக்காக அந்த டிரைவர்கிட்ட தினம் திட்டு வாங்கினவன்டி அவன்."

பஞ்சவர்ணத்தின் கண் நிறைந்துவிட்டது. "மழை பேஞ்சா அவன் தரையில வச்ச கால் செருப்பு மட்டும் தொப்பலா நனைஞ்சிருக்கும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பேச்சை மாத்தாதே."

"விடு லா, எல்லாரும் பார்க்குறாங்க" என்று சுந்தரேசன் வந்து மனைவியின் கையைப் பிடித்தார். அவருக்கு வேறு கவலை. "நம்ம சேமிப்பையே பிணையா காட்டப் போறோம். அவன் ஓடிட்டான்னா?"

"பஸ்ஸையே ஓட விடாதவன். அவனா ஓடுவான்?"

கவுண்டரில் இருந்த மலாய் அதிகாரி, சின்னத்தம்பி ஒவ்வொரு விசாரணைத் தவணைக்கும் தவறாமல் வருவாரா என்று கேட்டார். வராவிட்டால் காதைப் பிடித்து இழுத்து வருவேன் என்று உமா தன் கான்வென்ட் ஆங்கிலத்தில் திருத்தமாகச் சொன்னாள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை நகர்த்தினார். உமா கையெழுத்துப் போட்டாள். மணி நாலு பத்து.

முத்திரை விழுந்ததும் பஞ்சவர்ணம் எழுந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நேரே லிப்டுக்குப் போய்விட்டாள்.

"பார்த்தீங்களா தம்பி" என்றாள் உமா, வெங்கட்டிடம். "வெளியே வர்றவன் முகத்தைப் பார்க்கக்கூட நிக்கலை. இவகூடவா ஒரே பெஞ்சில உட்கார்ந்து படிச்சேன்?"

வெங்கட் கோப்பை மூடினார்.

"அவங்களைத் திட்டாதீங்கக்கா. சாட்சி சொல்லப்போறவங்க சின்னத்தம்பியைப் பார்த்துப் பேசக்கூடாது."

"என்ன சாட்சி?"

"பத்து மாசம் பயந்துக்கிட்டுதான் இருந்தாங்க. போன மாசம் வேலையை விட்டுட்டு என்கிட்ட வந்தாங்க. அந்த லாரி எல்லாம் மேனேஜர் சொல்லித்தான் கேட்டைத் தாண்டிச்சுன்னு எழுதிக் கொடுத்தாங்க. அதைப் பார்த்துதான் நீதிபதி பெயிலே கொடுத்தார்."

 

"அப்போ கையெழுத்தையும் போட்டிருக்கலாமே? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"பெயிலுக்கு நின்னவங்களே சாட்சியும் சொன்னா, தன் பணத்தைக் காப்பாத்திக்கப் பேசுறாங்கன்னு எதிர்த்தரப்பு மடக்கிடும். கையெழுத்தும் வேணாம், யார்கிட்டயும் வாயும் திறக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். யாராவது போடுறாங்களான்னு பார்க்காம வீட்டுக்குப் போகமாட்டேன்னு காலையிலேர்ந்து இங்கேயே இருந்தாங்க."

உமா லிப்ட் பக்கம் திரும்பினாள். கதவு மூடியிருந்தது.

"உங்க நம்பரை எனக்குக் கொடுத்ததே அவங்கதான்க்கா" என்றார் வெங்கட். "'உமாவைக் கூப்பிடுங்க. என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவா, ஆனா கையெழுத்துப் போட்டுடுவா'ன்னாங்க."