பஞ்சு மாதிரி ஒரு பெடல்

"நல்லா அழுத்தி மிதிங்க மச்சான். மிதிச்சபடியே வைங்க. நான் சொல்றவரைக்கும் விட்டுடாதீங்க."

வேனுக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் வந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் மெக்கானிக்குடைய மனைவியின் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனுக்கும் வயதாகிவிட்டது, அவருக்கும் வயதாகிவிட்டது, ரெண்டு பேரில் யார் முதலில் ஓய்வு பெறுவது என்றுதான் போட்டி என்பது மெக்கானிக்கின் வழக்கமான கிண்டல். இன்றைக்கு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு சக்கரமாகத் திறந்து பார்த்தாயிற்று. குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் பிரேக் ஆயிலோடு குமிழி குமிழியாக வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு குமிழிகூட வரவில்லை. மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு மாப்பிள்ளை. பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி. எவ்வளவு தூரம் போகுதுன்னே பிடிபடலை."

மெக்கானிக் தானே ஏறி மிதித்துப் பார்த்தார். பெடல் பாதி தூரத்தில் கல்லாக நின்றது.

இது மூன்றாவது தடவை. முதலில் பிரேக் ஆயில் போகும் ஓஸ் குழாயை மாற்றினார். அடுத்தது மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினார். இரண்டு முறையும் மச்சான் ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வண்டியின் முதலாளியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்றும் கோளாறு எதுவும் அகப்படவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம், வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்று காலையில் போனில் சொல்லிவிட்டார்.

மச்சானை அதுகூட அவ்வளவாக வாட்டவில்லை. போன வாரம் பள்ளி வாசலில், வேனுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் ஷூ கயிறு கட்டக் குனிந்தாள். அவர் மிதித்தார். மிதித்ததாகத்தான் நினைத்தார். வேன் அந்தப் பிள்ளையின் புத்தகப் பையை உரசிக்கொண்டு நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்து, அவரிடம் டாட்டா காட்டிவிட்டு ஓடிவிட்டாள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

மச்சான் வெறுங்காலோடு சுவரோரக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். விபத்தில் மோதி வந்து பக்கத்தில் நிற்கும் காரின் கண்ணாடிச் சில்லுகளை அந்தப் பக்கம்தான் ஒதுக்கி வைத்திருக்கிறேன், செருப்பைப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று மெக்கானிக் கடிந்துகொண்டார். செருப்பு வேனுக்குள் கிடந்தது. வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிடுவது மச்சானின் பழக்கம். பெடல் என்ன சொல்கிறது என்பது வெறுங்காலுக்குத்தான் தெரியும் என்பார்.

தன் மனைவி கொடுத்தனுப்பிய டீயை மெக்கானிக் ஊற்றிக் கொடுத்தார். மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கூடப் பிறந்தவள் ஒரு கரண்டி சர்க்கரை போட்டால் குறைந்தா போய்விடுவாள் என்று முணுமுணுத்தார். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சொன்னதைத்தானே அவள் செய்கிறாள் என்றார் மெக்கானிக்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. பிரேக்ல ஒண்ணுமே இல்லை. அந்தப் பிள்ளை உங்க கண்ணுலயே நிக்குது. பயம்தான் உங்களுக்கு அப்படித் தோணுது."

"பயந்தவன் கனவுலதான் மிதிப்பான். நான் முழிச்சிருக்கும்போது மிதிக்கிறேன். பிரேக் இல்லைன்னா இல்லைன்னு தெரியாதா எனக்கு?"

இத்தனை வருடத்தில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர், ஒரே ஒரு பயத்தால் வேலையை இழந்து வீட்டில் உட்காரப் போகிறாரே என்று மெக்கானிக் நினைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் ஒண்ணு பண்றேன். வேற ஏதோ பழுதாயிருந்தது, சரி பண்ணிட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடறேன். உங்க வேலை உங்களுக்கு. நீங்க நிதானமா ஓட்டிக்கிட்டு இருங்க."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையை அவர் அப்படி முறைத்துப் பார்த்ததே இல்லை.

"இல்லாத கோளாறைச் சொன்னா, இருக்கிற கோளாறு அப்படியே தங்கிடும். நாளைக்கும் வண்டி நிறையப் பிள்ளைங்க ஏறும். எனக்கு வேலை போனாப் போகட்டும். கோளாறைக் கண்டுபிடிக்காம இந்த வண்டியை நானும் எடுக்க மாட்டேன், வேற எவனையும் எடுக்க விட மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து வேனைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தார்.

"மாப்பிள்ளை, இங்க வாங்க."

அந்தக் குரலில் பல நாள் கழித்து உயிர் வந்திருந்தது.

"ஒழுகியிருக்கு பாருங்க. நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பலையே."

மெக்கானிக் ஓடிப் போய்ப் பார்த்தார். சிமெண்ட் தரையில் திட்டுத் திட்டாக ஈரம். விரலால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பாக இருந்தது, ஆயில் வாசனை இல்லை. அது வேனுக்கு அடியிலிருந்து வரவில்லை. சுவரோரக் குழாயடியில் தொடங்கி, டீ குடித்த இடத்துக்கு வந்து, வேனை ஒரு சுற்றுச் சுற்றி, மச்சானின் வலது காலடியில் வந்து முடிந்தது.

பாதத்தில் விரல் நீளத்துக்குக் கண்ணாடிச் சில்லு ஏறியிருக்க, அதன் மேலேயே முழு பாரத்தையும் ஊன்றி நின்றுகொண்டு, மச்சான் சிரித்த முகமாகக் கேட்டார்:

"எங்கேயிருந்து ஒழுகுதுன்னு தெரியுதா மாப்பிள்ளை?"