மூன்றாம் அலசல்

கழுவும் மெஷின் முன்னால் நின்றவர்கள் மூவர்: பட்டறை முதலாளி நாச்சிமுத்து, தம்பி செங்கோடன், மெஷின் ஓட்டும் பாப்பாத்தி. பிசுக்கு இருக்கிறதென்று வாங்கியவர்கள் இருமுறை திருப்பி அனுப்பிய பற்சக்கரங்கள் கூடையில் இருந்தன. இன்னொருமுறை திரும்பினால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான்.

"துருத்தடுப்பு மருந்து ஊத்திரட்டுங்களாண்ணா?" என்றான் செங்கோடன்.

"அந்தக் கருமத்தாலதான்டா பிசுக்கு. அப்பா பேரு பொறிச்ச சாமான். வெறும் வெந்நீர்ல அலசு."

"துரு ஏறிக்குமுங்க," என்றாள் பாப்பாத்தி.

"நீ சோறாக்குற சட்டியா இது? மூடு."

மூடி திறந்தபோது ஆவிக்குள் சக்கரங்கள் வெள்ளியாக மின்னின. நாச்சிமுத்து நிமிர்ந்து நின்றார். ஆவி அடங்குவதற்குள் அப்பாவின் பெயரெழுத்துகளில் செம்மை ஊறியது, பிறகு பற்களில். வேட்டி நுனியால் ஒன்றைத் துடைத்தார். நுனி சிவந்தது. தம்பியை அவர் பார்க்கவில்லை.

மருந்தூற்றத் தம்பி மறந்துவிட்டான் என்கிறார்கள் ஊரில். மறக்கவில்லை. ஊற்றட்டுமா என்று கேட்டான்.